ஏழாம் எண் போன வழி

நவம்பர் 9

இன்று ஏழாம் எண்ணைப் பிடித்தோம். ஊருக்கு மேற்கே புல்லுக்காட்டில் கட்டிய வலையில் காலை ஆறே காலுக்கு விழுந்தது. பூனைப்பருந்து, ஆண், இந்த வருஷத்துக் குஞ்சு. எடை இருநூற்று எண்பது கிராம். முதுகு காப்பிப்பொடி நிறம், வயிறு செங்காவி, வாலடியில் வெள்ளைப் பட்டை. எங்கேயோ வடக்கே, நான் படத்தில்கூடப் பார்க்காத புல்வெளியில் பிறந்து, பனிக்குப் பயந்து எங்கள் கரிசல்காட்டுக்கு வந்திருக்கிறது. ஏப்ரலுக்குள் திரும்பிப் போய்விடும்.

பருந்து ஆராய்ச்சி செய்யும் வாசுகி மேடம் அதன் முதுகில் கருவியைக் கட்டி முடிக்கும்வரை நான்தான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். கருவி பாதித் தீப்பெட்டி அளவு. வெயிலில் சார்ஜ் ஏறும். பகலில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பறவை இருக்கும் இடத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு, செல்போன் டவர் வழியாகப் பெங்களூரில் இருக்கும் மேடத்தின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். ஆனால் அதற்கு இறகின் நிறம் தெரியாது. பழுப்பாக இருக்கும் ஆண் குஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறமாகும். முதல் சாம்பல் இறகு எங்கே, எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துச் சொல்ல என்னை ஆறு மாதத்துக்கு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் புல்லுக்காட்டில் வந்து அடையும் பருந்துகளையும் எண்ண வேண்டும். மேடத்துக்கு அனுப்பப் படிவம் தனியாக இருக்கிறது, அதில் கடற்கரை என்று என் பெயர் போட்டிருக்கிறது. இந்த நோட்டு எனக்கு.

விலங்கியலில் இரண்டு பேப்பர் அரியர் வைத்துவிட்டுப் பதினோரு வருஷமாக அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றவனுக்குக் கழுத்தில் பைனாகுலர். மச்சான், "மாப்ள, அதுல பாத்தா உன் கல்யாணம் தெரியுதா?" என்று கேட்டார்.

நவம்பர் 21

சாயங்கால எண்ணிக்கை 63. இந்த வருஷத்தில் இதுதான் அதிகம். ஏழு 5.52க்கு வந்து மூன்று சுற்று சுற்றிவிட்டுத் தரையில் இறங்கியது.

டாக்டர் அக்காவைக் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. தண்ணீர்க் குடம் தூக்குவது இனி என் வேலை.

டிசம்பர் 2

எண்ணிக்கை 61. ஏழு பழுப்பாகவே இருக்கிறது. குடம் எட்டு.

டிசம்பர் 17

மச்சானின் மக்காச்சோளம் பால் பிடித்திருக்கிறது. மயில்கள் கூட்டமாக வந்து கதிரைக் கிழிக்கின்றன. தகரம் தட்டினார், காட்டைச் சுற்றிச் சேலை கட்டினார், வெடி போட்டார். "நான் போனா நடந்து போகுது மாப்ள, ஓடக்கூட மாட்டேங்குது" என்றார். பொன்னுப்பாண்டி என்ற பெயருக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு, மயிலுக்கு மட்டும் அது தெரியவில்லை என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

டிசம்பர் 24

ஏழு இரண்டு நாளாக அடைய வரவில்லை. மேடம் போன் செய்தார். முந்தாநாள் மத்தியானத்திலிருந்து புள்ளி ஒரே இடத்தில் இருக்கிறதாம். "போய்ப் பாருங்க கடற்கரை. இறக்கையில அடிபட்டிருக்கலாம். சீக்கிரம்." அவர் வாசித்த எண்களைப் போனில் போட்டுப் பார்த்தேன். அந்த இடம் எனக்குத் தெரியும். காலையில் போகிறேன் என்றேன். இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

டிசம்பர் 25

மச்சானின் சோளக்காட்டு வடக்கு வரப்பு. மல்லாந்து கிடந்தது, கால் விரல்கள் மடங்கி. அலகில் பாதி தின்ற வானம்பாடி. வரப்பு நெடுக ஊறவைத்த கம்பு தூவியிருந்தது. பூச்சிக்குப் போடும் குருணை மருந்து வாடை. கம்பைத் தின்று கிறங்கிக் கிடந்த வானம்பாடியை ஏழு சுலபமாகப் பிடித்திருக்கும். உள்ளே போய்ப் பார்த்தேன். மயில் நான்கு, காடை, மைனா. எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

மச்சான் தொழுவத்தில் இருந்தார். கையில் இருந்ததைக் காட்டினேன்.

"பருந்துக்கு வைக்கல மாப்ள."

"தெரியும்."

"மயிலுக்குன்னு தெரிஞ்சா உள்ள வச்சிருவாங்க. வருசக்கணக்குல. ஜாமீனே கிடையாதுங்கான்." பிறகு வீட்டுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒங்க அக்கா இப்ப இருக்க நெலமையில…"

அவர் அந்த வாக்கியத்தை முடித்திருக்கலாம். முடிக்காமல் விட்டதால் நான் முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அக்கா உள்ளேயிருந்து, "யார்டா? தம்பியா? காப்பி குடிச்சியா?" என்று கேட்டாள். பறவையைப் புதைத்தோம். கருவியை மட்டும் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

மேடத்திடம், "நல்லாத்தான் மேடம் இருக்கு. பக்கத்துல போனதும் பறந்துருச்சு" என்றேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

டிசம்பர் 26

பறந்ததென்றால் புள்ளி நகர வேண்டுமே. கருவியைச் சட்டைத் தோளில் பின்னூசியால் குத்திக்கொண்டு மொபெட்டில் கிழக்கே மூன்று கிலோமீட்டர் போய்வந்தேன். ஒரு நாளைக்குத்தான். நாளைக்குள் என்ன சொல்வதென்று யோசித்துக்கொள்ளலாம்.

ஜனவரி 3

பறவையாக இருப்பது லேசான வேலை இல்லை. விடியுமுன்னே புல்லுக்காட்டுக்குப் போய், ராத்திரி அங்கே விட்டுவந்த கருவியை எடுக்க வேண்டும். எட்டு மணிவரை தரிசில் குறுக்கும் நெடுக்கும் நடை. ரேஷன் கடைக்குப் போனால் கருவியைப் பனைமரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறேன். பூனைப்பருந்து வரிசையில் நிற்காது. சாயங்காலம் மற்றப் பருந்துகள் வந்து இறங்கியதும் நானும் குனிந்து போய் அவற்றின் பக்கத்தில் கருவியை வைத்துவிட்டு வருகிறேன். சில எழுந்து பறந்து மறுபடி உட்காருகின்றன. என்னோடு பழகிவிட்டன.

எண்ணிக்கை 49. படிவத்தில் 58 என்று போட்டேன்.

ஜனவரி 14

பொங்கல். மேடம் வாழ்த்துச் சொல்லிவிட்டு இறகு பற்றிக் கேட்டார். மார்பின் இடது பக்கத்தில் ஒரு சாம்பல் இறகு தெரிகிறது என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இவ்வளவு தெளிவா யாரும் பாத்து எழுதினதில்ல" என்றார். வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 22

வாலின் நடு இறகு இரண்டில் ஒன்று உதிர்ந்து சாம்பல் முளை தெரிகிறது என்று எழுதினேன். புல்லுக்காட்டில் இருக்கும் வேறொரு ஆண் குஞ்சைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எனவே முழுப் பொய் இல்லை.

அக்காவுக்கு எட்டாம் மாதம். குழந்தை உதைப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். குழந்தை பிறந்ததும் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். மார்ச்தானே.

ஜனவரி 30

மேடம் ஒரு சந்தேகம் கேட்டார். ஏழு ஒரு மாதமாகத் தரையைவிட்டு ஆறடிக்கு மேல் எழும்பவே இல்லையே, கருவியில் கோளாறா? மத்தியானம் மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் ஏறி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே போன பஞ்சாயத்துக் கிளார்க், "கடற்கரை, குதிக்கப் போறியா?" என்று கத்தினார். பருந்து பார்க்கிறேன் என்றேன்.

எண்ணிக்கை 41. எழுதியது 55.

பிப்ரவரி 4

எங்கள் காட்டுக்கு வடக்கே அறுவடை முடிந்த நிலத்தில் கிடை போட்டிருக்கிறார்கள். முந்நூறு ஆடுகள். கிடைக்காரர் இருளாண்டி, மனைவி பஞ்சவர்ணம். புழுக்கை உரத்துக்காக ஒவ்வொரு நிலமாக ஆட்டை அடைத்துக்கொண்டு இப்படியே சித்திரைவரை வடக்கே போவார்கள். ஆடு நடக்கும்போது வெட்டுக்கிளி கிளம்பும் என்பதால் பருந்துகள் ஆட்டுக்குப் பின்னாலேயே தாழப் பறக்கின்றன. ஏழும் அங்கே இருந்தால்தான் சரியாக இருக்கும் என்று மூன்று மணி நேரம் மந்தையோடு நடந்தேன்.

பஞ்சவர்ணம் பெரிய வாய்க்காரி. "தோள்ல என்ன தம்பி, தாயத்தா?" என்றாள். ஆமாம் என்றேன். "எதுக்கு?" என்றாள். பயத்துக்கு என்றேன். "பயந்த புள்ளயாத்தான் தெரியுது" என்று கம்மங்கூழ் ஊற்றிக் கொடுத்தாள். அக்காவைப் பற்றி விசாரித்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை.

பிப்ரவரி 9

சோளம் முற்றிவிட்டது, அறுக்க ஆள் கிடைக்கவில்லை. மச்சான் மறுபடியும் கம்பு ஊறவைத்திருக்கிறார். "ஒரு வாரந்தான் மாப்ள." நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனேன். எண்ணிக்கை 38.

பிப்ரவரி 11

மத்தியானம் ஒரு மணிக்கு இருளாண்டி தூக்குச்சட்டியோடு வந்தார். காடைக் கறி. "வயித்துப்புள்ளக்காரிக்கு நல்லதுன்னு வறுத்துக் குடுத்தா. இன்னைக்கு என்னமோ காடை ஓடவே இல்ல தம்பி, கையால அள்ளிட்டு வந்தேன்" என்றார். அக்கா கட்டிலிலிருந்தே, "அண்ணே, உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவர் ஆட்டைத் தனியாக விட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

மச்சான் தூக்குச்சட்டியை அக்கா கைக்குப் போகுமுன் வாங்கிக்கொண்டார். கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினார். சட்டியைப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். அக்காவிடம் நாய் தட்டிவிட்டது என்றோம். அவள் நாயைத் திட்டினாள்.

கிடைக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? இதற்குள் சாப்பிட்டிருப்பார்கள், இனிமேல் சொல்லி என்ன என்றும் தோன்றியது. மூன்றே முக்காலுக்குப் புறப்பட்டு நேராகக் கண்மாய்க்குப் போனேன். ஏழு அந்த நேரத்தில் கண்மாய்ப் பக்கம்தான் போகும்.

எண்ணிக்கை 36. ஏழின் மார்பில் சாம்பல் இறகு ஆறு.

பிப்ரவரி 12

பஞ்சவர்ணம் செத்துப்போனாள். நேற்று பொழுது சாயும்போது வாந்தி, வாயில் நுரை. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் உயிர் போய்விட்டது. புல்லுக்குள் ஏதோ பூச்சி தீண்டியிருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருளாண்டிக்கு லேசான மயக்கம், வயிற்றுப்போக்கு. இறைச்சியில் நல்லதை அக்காவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, மிச்சத்தில் சதையை அவருக்கு வைத்துவிட்டு, அவள் இரைப்பையும் ஈரலுமாகத் தின்றிருக்கிறாள். அவரே சொன்னார். அவர் வேறெதற்கோ சொன்னார், அவளுக்கு ஈரல் பிடிக்கும் என்பதற்காக.

அவள் பிறந்த ஊருக்கு வேனில் கொண்டுபோனார்கள். வேன் ஏற்பாடு செய்தது மச்சான்.

பிப்ரவரி 13

பூச்சிதான் தீண்டியிருக்கும்.

பிப்ரவரி 20

சோளம் அறுத்தாகிவிட்டது. கருவியை எடுக்க இன்று அரை மணி நேரம் தாமதம். எண்ணிக்கை 31. இருளாண்டி ஆட்களோடு வந்து ஆட்டை வடக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது மச்சானிடம் தூக்குச்சட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பளபளவென்று இருந்தது. "தங்கச்சி சாப்புட்டுச்சா?" என்று கேட்டார். மச்சான் தலையாட்டினார்.

மார்ச் 6

அக்காவுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. இருவரும் நலம். மச்சான் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எதற்காக என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 7

மேடத்திடம் சொல்ல வேண்டும். அக்கா வீட்டுக்கு வரட்டும்.

மார்ச் 19

அக்கா வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. எண்ணிக்கை 9. வடக்கே கிளம்பிவிட்டன.

மார்ச் 27

எண்ணிக்கை பூஜ்யம். ஆறு மணிவரை புல்லுக்காட்டில் நின்றேன். கருவியை வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 30

மேடம் போன் செய்தார். மற்றவை போன பிறகும் ஏழு மட்டும் ஏன் போகவில்லை என்று கவலைப்பட்டார். பிறகு, கட்டுரைக்காக வரைபடம் தயார் செய்திருப்பதாகச் சொல்லிப் போனுக்கு அனுப்பினார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறக்கோடு. எல்லாம் சேர்ந்து எங்கள் ஊரைச் சுற்றிச் சிக்கெடுக்காத நூல்கண்டாகக் கிடந்தது.

"ஒரு நாள் மட்டும் எனக்குப் புரியல கடற்கரை" என்றார். "பிப்ரவரி பதினொண்ணு. மூணே முக்காலுக்கு நேரா அந்த ஆட்டுக்கிடையப் பாத்துப் போகுது. ரோடு போட்ட மாதிரி. கிடைக்கு நூத்தம்பது மீட்டர் இருக்கு, அங்கயே பத்து நிமிஷம் நிக்குது. அப்புறம் டக்குனு திரும்பிக் கண்மாய்க்குப் போயிடுது. ஆட்டப் பாத்துப் பயந்துடுச்சோ?"

பூனைப்பருந்து ஆட்டைப் பார்த்துப் பயப்படாது. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் கேட்டார். "தெரியல மேடம், பாத்துச் சொல்றேன்" என்றேன்.

அன்றைய தேதியில் நான் எழுதியதை எடுத்துப் படித்தேன். நேராகக் கண்மாய்க்குப் போனேன் என்று இருக்கிறது. யாரும் படிக்காத நோட்டில் யாருக்காக அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. வரைபடத்தில் அன்றைக்கு ஆரஞ்சு நிறக் கோடு. வீட்டிலிருந்து கிடையை நோக்கிப் போகிறது. ஒரு வேலமரம் இருக்கும் இடத்தில் நிற்கிறது. மடங்குகிறது.

மார்ச் 31

சாப்பிடவில்லை. அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏப்ரல் 2

காலையில் மச்சானிடம், இருளாண்டியைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அருப்புக்கோட்டைக்கு வடக்கே கிடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவர் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்கு இருவத்தேழு நாள்தான் ஆகுது மாப்ள" என்றார்.

"ஆமா மச்சான்."

கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு விட்டுவிட்டார். தடுத்திருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ. அக்காவிடம் சொல்லிக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

கருவியைச் சட்டைப்பையில் போட்டிருந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததால் அதற்கு வெயிலும் டவரும் கிடைத்திருக்க வேண்டும். பதினொன்றேகாலுக்கு மேடத்திடமிருந்து செய்தி வந்தது: "ஏழு கிளம்பிட்டான் கடற்கரை! நேரா வடக்கே! நாப்பது கிலோமீட்டர்!! என்ன வேகம்!" கூடவே கைதட்டும் படங்கள். ஆபீஸில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிவரச் சொல்லியிருக்கிறாராம். இரண்டு தடவை படித்தேன். "மேடம், அது நான். ஏழு டிசம்பர் 22ஆம் தேதி செத்துப்போச்சு. மருந்து வச்சது எங்க மச்சான். மறைச்சது நான்" என்று அடித்து அனுப்பினேன். உடனே போன் அடித்தது. எடுக்கவில்லை. முதலில் தெரிய வேண்டியவர் அவர் இல்லை.

பஸ்ஸைவிட்டு இறங்கி நான்கு மைல் நடந்தேன். இருளாண்டி ஒரு குடைவேல மரத்தடியில் தனியாகச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "தங்கச்சிக்குப் பொறந்துருச்சா? என்ன புள்ள?" என்று கேட்டார். பெண் என்றேன். "மகாலட்சுமி" என்றார். சோறு போடத் தட்டை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பு, குருணை மருந்து, காடை, குழியில் கொட்டியது, சட்டியைத் தேய்த்தது. வேலமரம்வரை வந்ததையும் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். கையில் அகப்பை இருந்தது. அவர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து விறகை உள்ளே தள்ளினார்.

"நீங்க அந்த மரத்துகிட்ட வந்து நின்னீக. நான் பாத்தேன். கை காட்டுனேன்."

ஆமாம் என்றேன். அவர் கை காட்டினார். நானும் காட்டினேன்.

"தம்பி வருது, அதுக்கும் சேத்து வையின்னு அவகிட்டச் சொன்னேன். ஆடு மறிச்சுட்டு அப்பத்தான் வந்து உக்காந்தா. நீங்க வருவீகன்னு கொஞ்ச நேரம் காத்திருந்தோம். திரும்பிப் போயிட்டீக." விறகை மறுபடி தள்ளினார். "அப்பறந்தான் அவ தட்டுல கைய வச்சா."